சாகாத டோனி மான்டானா: 'ஸ்கார்ஃபேஸ்' கதைமுடிவின் வரலாறு

முன்னுரை

குற்றப் படங்களில் நாயகனின் சாவுதான் கதை சொல்லும் தீர்ப்பு. வீடியோ கேமிலோ சாவு ஒரு சிறு தடங்கல். ஆடுபவர் எழுந்து மீண்டும் ஆடுவார். இவ்விரு மரபுகளும் நேருக்கு நேர் மோதிய படைப்பு, 'ஸ்கார்ஃபேஸ்: தி வேர்ல்ட் இஸ் யுவர்ஸ்'. கனடாவின் வான்கூவரில் இயங்கிய ராடிகல் என்டர்டெயின்மென்ட் உருவாக்கிய இந்த கேம், 2006 அக்டோபரில் பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பாக்ஸ் ஆகியவற்றுக்கு வெளிவந்தது. 1983இல் வந்த 'ஸ்கார்ஃபேஸ்' படத்தின் முடிவில் செத்த நாயகனை அது பிழைக்க வைத்தது. மூலத்துக்குச் செய்த துரோகமாக இதைக் கருதலாம். ஆனால் இக்கதையின் முடிவு 1932 முதலே நிலைகொள்ளாமல் இருந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தணிக்கை கேட்ட முடிவு

ஹோவர்ட் ஹாக்ஸ் இயக்கிய 1932 படத்தில் பால் முனி ஏற்ற டோனி கமான்டி போலீஸ் குண்டுக்குப் பலியாகித் தெருவில் விழுகிறான். 'உலகம் உன்னுடையது' என்னும் பொருள்படும் விளம்பரப் பலகை மேலே ஒளிர்கிறது. தணிக்கையாளருக்கு இது போதவில்லை. விசாரணை நடந்து, சட்டமே அவனைத் தூக்கிலிடும் மாற்று முடிவு ஒன்று எடுக்கப்பட்டது. முனி அதில் நடிக்கவில்லை. 'தேசத்தின் அவமானம்' என்ற பொருளில் துணைத்தலைப்பும் சேர்ந்தது.

1983இல் பிரையன் டி பால்மா இயக்கத்தில், ஆலிவர் ஸ்டோனின் திரைக்கதையில் இக்கதை மீண்டும் படமானபோது, களம் சிகாகோவிலிருந்து மயாமிக்கு மாறியது. அல் பசினோவின் டோனி மான்டானா 1980இல் கியூபாவிலிருந்து வந்த அகதி. அவனைக் கொல்வது போலீஸ் அல்ல, போதைப்பொருள் வியாபாரி சோசா அனுப்பிய ஆட்கள். முதுகில் குண்டு பாய்ந்து தன் மாளிகைத் தடாகத்தில் விழுகிறான். அதே வாசகம் தாங்கிய உலக உருண்டை அங்கே நிற்கிறது.

திரையிலிருந்து கன்சோலுக்கு

2002இல் வந்த 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: வைஸ் சிட்டி' மயாமியையும் மான்டானாவின் மாளிகையையும் சாயலாக எடுத்துக்கொண்டு, நகரம் முழுவதும் சுற்றி ஆடும் முறைக்குப் பெரும் வரவேற்பைப் பெற்றுத் தந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பழைய குற்றப் படங்கள் வரிசையாக கேம்களாயின. ஒவ்வொன்றும் படம் காட்டாமல் விட்ட இடத்தில் நுழைந்தது. 'தி வாரியர்ஸ்' (2005) படத்துக்கு முந்தைய மாதங்களைச் சொன்னது. 'தி காட்ஃபாதர்' (2006) புதிய அடியாள் ஒருவனைக் கதையின் ஓரத்தில் உலவவிட்டது. 'ரிசர்வாயர் டாக்ஸ்' (2006) படத்தில் நாம் பார்க்காத கொள்ளையை ஆடவைத்தது.

'ஸ்கார்ஃபேஸ்' தேர்ந்தது சாவுக்குப் பிந்தைய வெளியை. படத்தின் இறுதித் துப்பாக்கிச் சண்டையே கேமின் தொடக்கம். பின்னால் வருபவனை டோனி இம்முறை திரும்பிச் சுட்டுவிடுகிறான். எல்லாவற்றையும் இழந்து, பிறகு மயாமிக்கு மீண்டு, மாளிகையையும் வணிகத்தையும் ஒவ்வொன்றாகக் கைப்பற்றி, சோசாவைத் தேடிப் போகிறான். பசினோ தன் முகச்சாயலைப் பயன்படுத்த இசைந்தார். குரல் தந்தவர் ஆந்த்ரே சோலியூட்சோ.

விதியாக மாறிய அறம்

கேமின் ஆகச் சிறந்த நுட்பம் ஒரு தடையில் உள்ளது. அப்பாவிகளை டோனி சுட மாட்டான். ஆடுபவர் முயன்றாலும் மறுத்துவிடுவான். இதன் வேர் படத்திலேயே இருக்கிறது. நியூயார்க்கில் மனைவி, குழந்தைகளோடு ஒருவர் செல்லும் காரை வெடிவைத்துத் தகர்க்கவிருந்த, சோசா அனுப்பிய கூட்டாளியை டோனி கொன்றுவிடுகிறான். சோசாவின் ஆட்கள் வருவது அதனால்தான். அவனைச் சாகடித்தது அவனிடம் எஞ்சியிருந்த ஒரே நல்ல குணம்.

முடிவுரை

1932இல் கதைமுடிவை மாற்றக் கேட்டது தணிக்கை. 2006இல் கேட்டது ஆட்டத்தின் இலக்கணம். முன்னது தண்டனையைக் கூட்டியது, பின்னது நீக்கியது. ஆயினும் அந்தத் தண்டனைக்கு வித்திட்ட அறத்தை கேம் தன் விதிகளுள் ஒன்றாக வைத்துக் காத்தது. மூலத்தை ஆழ்ந்து படித்தவர்களுக்கே இது கைகூடும். இழப்பும் அங்கேயே உள்ளது. படத்தில் அந்த அறத்துக்கு டோனி தன் உயிரையே விலையாகக் கொடுத்தான். கேமில் அவனுக்கு அப்பாவிகளைச் சுடும் வழியே இல்லை. ஆகவே கொடுக்க வேண்டிய விலையும் இல்லை.