ஒரு வாய்க்குள் அடங்கும் ஆப்பிள்: அமெரிக்கப் பையும் பிரெஞ்சு தத்தானும்

செப்டம்பர் பிறந்துவிட்டால் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து மாநிலங்களில் குடும்பம் குடும்பமாக ஆப்பிள் தோப்புக்குக் கிளம்பிவிடுவார்கள். மரத்திலிருந்து தாங்களே பறித்த பழத்தைக் கூடை கூடையாகக் காரில் ஏற்றி வருவார்கள். அங்கே ஒரு புஷல் ஆப்பிள் என்பது கிட்டத்தட்ட 19 கிலோ. அத்தனையையும் பச்சையாகத் தின்று தீர்க்க முடியாது. அதனால் இலையுதிர்காலம் முழுக்க வீட்டு ஓவனுக்கு ஓய்வில்லை. பிரான்சில் லுவார் ஆற்றுக்குத் தெற்கே உள்ள சொலோஞ் வட்டாரத்திலும் அந்தப் பருவத்தில் இதே கதைதான். முதல் இடத்தின் பெருமை ஆப்பிள் பை. இரண்டாவதன் பெருமை தார்த் தத்தான்.

இரண்டும் பெரிய வட்டமாகச் சுட்டுத் துண்டு போட்டுப் பரிமாற வேண்டியவை. விருந்துகளில் நின்றபடி சாப்பிடும் பழக்கம் பரவியதும் இரண்டுமே ஒரு கடி அளவுக்குச் சுருங்கிவிட்டன. குட்டி மஃபின் தட்டின் குழிகளில் இருபத்து நான்கு பை, இல்லாவிட்டால் இருபத்து நான்கு தத்தான். ஒரே பழம், ஒரே தட்டு, ஏறக்குறைய ஒரே நேரம். ஆனால் சுருக்கும்போது இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. பை தன் குணத்தையே மாற்றிக்கொள்கிறது. தத்தான் குணத்தைக் காப்பாற்றிக்கொண்டு வேறொன்றை இழக்கிறது. எது எதை இழக்கிறது என்று தெரிந்துகொண்டால் சுடுவது சுலபம்.

பெட்டியும் வாணலியும்

ஆப்பிள் பையின் பூர்வீகம் இங்கிலாந்து. 1381-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு ஆங்கிலச் சமையல் குறிப்பில் ஆப்பிளோடு அத்தி, உலர்திராட்சை, பேரிக்காய், குங்குமப்பூ எல்லாம் வருகின்றன. சர்க்கரை மட்டும் இல்லை. அன்றைய மாவுக் கூடு கெட்டியான ஒரு பெட்டி. பூரணத்தைத் தாங்குவதே அதன் முதல் வேலை. ஆங்கிலேயக் குடியேறிகளோடு கடல் கடந்த இந்தப் பண்டம் அமெரிக்காவில் வேர் பிடித்தது. 1796-இல் ஹார்ட்ஃபோர்டில் வெளியான அமீலியா சிம்மன்ஸின் சமையல் நூலிலேயே ஆப்பிள் பை இடம்பெற்றுவிட்டது. வெர்மான்ட் மாநிலம் 1999-இல் அதைத் தன் அதிகாரபூர்வப் பையாகவே அறிவித்தது. ஆப்பிள் பை பரிமாறும்போது குளிர்ந்த பால், அரை அவுன்ஸுக்குக் குறையாத செடார் சீஸ், பெரிய கரண்டி வெனிலா ஐஸ்கிரீம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றையாவது கூட வைக்க மனதார முயல வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

தார்த் தத்தானின் ஊர் லமோத்-பெவ்ரோன். ரயில் நிலையத்துக்கு எதிரே ஸ்டெஃபானி, கரோலின் என்ற தத்தான் சகோதரிகள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு விடுதி நடத்தினார்கள். சமையல் ஸ்டெஃபானியின் பொறுப்பு. இலையுதிர்காலத்தில் வேட்டைக்கு வருகிறவர்கள்தான் முக்கிய வாடிக்கையாளர்கள். அவசரத்தில் மாவை மறந்து ஆப்பிளை மட்டும் அடுப்பில் ஏற்றிவிட்டார், பிறகு மேலே மாவை மூடிச் சுட்டுக் கவிழ்த்தார் என்று ஒரு கதை உலவுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். கவிழ்த்துப் பரிமாறும் பழ இனிப்பு அந்த வட்டாரத்துக்கு முன்பே பழக்கமானது. 1926-இல் உணவு எழுத்தாளர் கியூர்னோன்ஸ்கி இதைப் பற்றி எழுதியபின் சகோதரிகளின் பெயர் பாரிஸ் வரை போய்ச் சேர்ந்தது.

ஆக, ஒன்று பெட்டியில் பிறந்தது. மற்றது வாணலியில் பிறந்தது. சுருக்கும்போது நடக்கிற எல்லாவற்றுக்கும் மூலம் இந்த வேறுபாடுதான்.

மாவுக்கும் பழத்துக்கும் உள்ள கணக்கு

பையில் பூரணத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் மாவு. 23 சென்டிமீட்டர் அகலமும் 4 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள தட்டில் 3 மில்லிமீட்டர் கனத்துக்கு மாவைத் தேய்த்து மூடினால், மொத்தக் கன அளவில் மாவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. மீதியெல்லாம் பழம். இதே மாவை, இதே கனத்தில், நாலரை சென்டிமீட்டர் அகலமும் 2 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள குட்டிக் குழியில் இட்டு மூடிப் பாருங்கள்: மாவு கிட்டத்தட்டப் பாதி ஆகிவிடும். தட்டு சுருங்கியது, மாவின் கனம் சுருங்கவில்லை. கட்டைவிரல் அளவுக்குக் கொழுக்கட்டை பிடித்து, மேல்மாவை மட்டும் வழக்கமான கனத்தில் விட்டால் பூரணம் பெயருக்குத்தான் இருக்கும் இல்லையா, அதே சங்கதிதான். மாவை 2 மில்லிமீட்டருக்கு இறக்கினாலும் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போகாது. அதனால்தான் கைதேர்ந்தவர்கள் குட்டிப் பையின் மேலே முழு மூடி போடுவதில்லை. இரண்டு மூன்று மாவு நாடாக்களைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து விட்டுவிடுவார்கள். அழகு ஒரு பக்கம் இருக்கட்டும், பழத்துக்கு இடம் மிச்சமாகிறது.

தத்தானில் மாவு ஒரே ஒரு பக்கத்தில். பெரிய தத்தானில் 4 சென்டிமீட்டர் உயரப் பழத்தின் மேல் 4 மில்லிமீட்டர் மாவு என்றால் மாவின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு. குட்டியில் 1.7 சென்டிமீட்டர் பழத்தின் மேல் 3 மில்லிமீட்டர் மாவு என்று வைத்தால் பதினைந்து சதவீதம். வட்டத்தின் அகலம் எவ்வளவு குறைந்தாலும் இந்த விகிதம் அசையாது. பழத்தின் உயரமும் மாவின் கனமும் மட்டுமே அதைத் தீர்மானிக்கின்றன. எனவே சுருங்கிய பின்னும் தத்தான் பழப் பண்டமாகவே நிற்கிறது. பையோ பாதி வழி பிஸ்கட்டின் பக்கம் நகர்ந்துவிடுகிறது.

இதைக் குறையாகவே பார்க்க வேண்டியதில்லை. குட்டிப் பையில் மாவுதான் கதாநாயகன் என்று ஒப்புக்கொண்டால் மாவுக்குச் செலவழிக்கிற உழைப்பு வீண்போகாது. 250 கிராம் மைதாவுக்கு 160 கிராம் வரை நல்ல வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு, நாலு மேசைக்கரண்டி ஐஸ் தண்ணீர். வெண்ணெய் சிறு சிறு துண்டாகக் கண்ணுக்குத் தெரிகிற பதத்திலேயே பிசைவதை நிறுத்திவிட வேண்டும். அந்தத் துண்டுகள் ஓவனில் உருகி விட்டுச்செல்லும் இடைவெளிதான் அடுக்கடுக்காய் உதிரும் மொறுமொறுப்பைத் தருகிறது.

எந்தப் பழம் எதற்கு

நியூ இங்கிலாந்தின் செல்லப் பழம் மெக்கின்டாஷ். வாசனை ஊரைக் கூட்டும். ஆனால் சூடு பட்டதும் குழைந்து கூழாகிவிடும். நார்தர்ன் ஸ்பை, கோர்ட்லண்ட், கிரானி ஸ்மித் போன்றவை உருக்குலையாமல் நிற்கும். பெரிய பையில் மெக்கின்டாஷை மட்டும் போட்டால் துண்டு வெட்டும்போது பூரணம் வழிந்தோடும். குட்டிப் பையில் அந்தக் குழைவே ஒரு வசதி. மூன்றில் ஒரு பங்கு மெக்கின்டாஷும் மீதி கெட்டிப் பழமுமாகக் கலந்தால், குழைந்தது பசையாகி அரை சென்டிமீட்டர் துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும். கடித்தால் பூரணம் சட்டையில் சிந்தாது.

தத்தானில் கூழுக்கு இடமே இல்லை. கவிழ்த்ததும் மேலே தெரிவது பழம்தான். அது வடிவத்தோடு நிற்க வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் ரென் தெ ரெனெத் என்ற பழைய வகையைச் சிலாகிப்பார்கள். அன்றாடச் சமையலுக்கு கோல்டன் டெலிஷியஸையும் தாராளமாக எடுத்துக்கொள்கிறார்கள். பிரான்சின் பெருமைக்குரிய பண்டத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தக் கோல்டன் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் முளைத்த மரத்தின் வாரிசு.

நம் ஊர்க் கடைகளில் சிம்லா ஆப்பிள் என்று விற்பதில் பெரும்பகுதி, அமெரிக்கரான சாமுவேல் ஸ்டோக்ஸ் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹிமாச்சலின் கோட்கட் பகுதிக்குக் கொண்டுவந்த சிவப்பு டெலிஷியஸ் வழிவந்தது. அது கடித்துத் தின்னும் பழம். புளிப்பு குறைவு, வெந்தால் மாவாகும். எலுமிச்சைச் சாறு கூட்டிப் பையில் ஒப்பேற்றலாம். தத்தானுக்கு வேண்டாம், பச்சை நிற கிரானி ஸ்மித்தைத் தேடிப் பிடிப்பதே மேல்.

மசாலாவிலும் இரண்டுக்கும் ஒத்துப்போவதில்லை. அமெரிக்கப் பைக்குப் பட்டையும் ஜாதிக்காயும் இல்லாமல் இலையுதிர்காலமே இல்லை. தத்தானில் வெண்ணெய், சர்க்கரை, பழம் மட்டும்தான். கருகலின் விளிம்பைத் தொட்டு நிற்கும் கேரமலின் லேசான கசப்புதான் அதற்கு மசாலா.

அடுப்படியில்

பெரிய பையில் ஓவன் நேரத்தைத் தீர்மானிப்பது பூரணம். நடுப்பகுதி கொதித்தால்தான் அதில் கலந்த சோளமாவு இறுகும். அதற்குள் ஓரம் கருகிவிடுமோ என்று அலுமினியத் தாள் சுற்றுவார்கள். குட்டிப் பையில் எல்லாம் தலைகீழ். பூரணம் சீக்கிரமே கொதித்துவிடும். மாவின் அடி பொன்னிறமாகத்தான் 200 டிகிரி செல்சியஸில் இருபது நிமிடம் போல ஆகும். பச்சைப் பழத்தை அள்ளிப் போட்டால் அந்த நேரத்துக்குள் சாறு விட்டுச் சுருங்கிக் குழியில் பாதி காலியாகிவிடும். விட்ட சாறு மாவை நனைக்கும். ஆகவே 600 கிராம் நறுக்கிய பழத்தை 75 கிராம் சர்க்கரை, கொஞ்சம் வெண்ணெய், பட்டைப்பொடி, எலுமிச்சைச் சாறு, இரண்டு தேக்கரண்டி சோளமாவு சேர்த்து அடுப்பிலேயே முக்கால் பதம் வேகவைத்து, நன்றாக ஆறவிட்டு நிரப்ப வேண்டும். சூடான பூரணம் பட்டால் வெண்ணெய் ஓவனுக்குப் போகும் முன்பே உருகி, அடுக்கு விழாமல் போய்விடும்.

பெரிய தத்தானின் ருசி வாணலியில் விளைகிறது. சர்க்கரையும் வெண்ணெயும் உருகிய பாகில் பழம் நின்று நிதானமாக வேகிறது. பழச்சாறு பாகில் இறங்குகிறது, நீர் வற்றுகிறது, பழத்திலுள்ள பெக்டின் பாகுக்குப் பளபளப்பும் பிடிப்பும் தருகிறது. அரைமணி நேரம் நடக்கும் இந்தக் கொடுக்கல் வாங்கல் குட்டித் தட்டில் நடக்க வழியில்லை, ஏனென்றால் மஃபின் தட்டை அடுப்பில் ஏற்ற முடியாது. 120 கிராம் சர்க்கரையைத் தனியாக அம்பர் நிறத்துக்கு உருக்கி, 60 கிராம் வெண்ணெய் சேர்த்துக் குழிக்கு ஒரு தேக்கரண்டி ஊற்ற வேண்டியதுதான். கேரமல் ஒரு பக்கம், பழம் ஒரு பக்கமாக ஒட்டாமல் நிற்கும் ஆபத்து இங்கே உண்டு. இதற்கு ஒரு பரிகாரம், சீவிய தோலையும் நடுத்தண்டையும் தூக்கி எறியாமல் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து வடிகட்டி, கெட்டியாகும்வரை வற்றவைத்துக் கேரமலில் கலப்பது. பெக்டினும் புளிப்பும் சேர்ந்து, வாணலியில் விட்டுப்போனதில் பாதியையாவது மீட்டுவிடும்.

கவிழ்ப்பதும் சோதனைதான். ஓவனிலிருந்து எடுத்ததும் கவிழ்த்தால் கேரமல் தண்ணீராக ஓடும், கையைச் சுடும். பத்து நிமிடம் அசட்டையாக விட்டால் இறுகி, பழத்தைக் குழியிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் வரைதான் நல்ல நேரம். ஓரத்தில் பொங்கிய குமிழ்கள் அடங்கி, கேரமல் தேன் பதத்துக்கு வரும்போது, ஒரு மெல்லிய கத்தியை விளிம்பில் சுற்றிவிட்டு, பேக்கிங் தாள் விரித்த பலகையை மேலே வைத்து ஒரே மூச்சில் திருப்ப வேண்டும். பெரிய தத்தானில் இந்தப் பதைபதைப்பு ஒரு தடவைதான். குட்டியில் இருபத்து நான்கு குழிகளும் ஒரே நேரத்தில் பதத்துக்கு வர வேண்டும், ஓரத்துக் குழிகளோ நடுவில் இருப்பவற்றை முந்திக்கொள்ளும். சிலிக்கோன் அச்சு இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

தட்டுக்கு வந்தபின்

இரண்டுக்கும் பொது எதிரி ஈரம். அது தாக்கும் நேரம்தான் வேறு. பையின் அடிமாவு ஓவனில் இருக்கும்போதே பூரணத்தின் ஈரத்தை வாங்கத் தொடங்கிவிடும். தத்தானின் மாவோ மேலே கிடந்து நேரடிக் காற்றில் உலர்ந்து உப்பும். அதன் சோதனைக்காலம் கவிழ்த்த நொடியில்தான் ஆரம்பமாகிறது. ஆனால் ஆரம்பித்துவிட்டால் வேகம் அதிகம். கேரமல் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக் கசியும். ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. குட்டிப் பை ஆறியபின் டப்பாவில் அடைத்தால் மறுநாள்வரை தாங்கும். சுடாத பையை உறையவைத்து, வேண்டும்போது எடுத்து நேரே ஓவனில் வைக்கலாம். கையில் எடுத்தால் ஒட்டாது. குழந்தைகள் கூட்டத்துக்கும் அலுவலக விருந்துக்கும் அதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போகலாம். தத்தானுக்குத் தட்டும் கரண்டியும், பக்கத்தில் க்ரெம் ஃபிரெஷ் என்ற புளிப்பேறிய பாலேடு ஒரு துளியும் வேண்டும்.

பத்துப் பேர் வீட்டுக்கு வந்து சூட்டோடு சாப்பிடுகிறார்கள் என்றால் என் ஓட்டு தத்தானுக்கு. சுருங்கியும் ஆப்பிளை ஆப்பிளாகவே தருவது அதுதான். நாற்பது பேருக்கு முந்தின நாளே செய்து எடுத்துப் போக வேண்டுமென்றால் பைதான் கைகொடுக்கும். அங்கே ஜெயிப்பதும் தோற்பதும் மாவு.

வேறு எந்த ஆப்பிள் இனிப்பைச் சுருக்க நினைத்தாலும் இந்த ஒப்பீடு உதவும். மாவு பழத்தை எத்தனை பக்கம் தொடுகிறது என்று முதலில் பாருங்கள். மேலே மட்டும் பொடிமாவு தூவும் கிரம்பிள் தத்தானின் கட்சி. குழியின் ஆழத்துக்கு ஏற்ப மாவைக் குறைத்தாலே போதும். பழத்தை முழுக்கப் பொதிந்து சுடும் டம்ப்ளிங்கும் ஸ்ட்ரூடலும் பையின் கட்சி. அவற்றுக்குப் பழைய குறிப்பை நான்கால் வகுத்தால் போதாது. மாவை மெலிதாக்கி, பழத்தை முன்பே வேகவைத்து, குறிப்பைப் புதிதாகவே எழுத வேண்டும்.