பாரிமுனைப் பகுதியின் நகரமைப்பும் போக்குவரத்தும்: இடப்பெயர் வழி ஓர் ஆய்வு

சென்னை மாநகரின் நடுவிடம் யாது என ஒரு தலைமுறைக்கு முன்னர் வினவியிருப்பின், பெரும்பாலோர் பாரிமுனையையே சுட்டியிருப்பர். துறைமுகம், உயர்நீதிமன்றம், வணிக மனைகள், காய்கறி அங்காடி, பேருந்து நிலையம் ஆகிய அனைத்தும் அதனைச் சூழ்ந்து அமைந்திருந்தன. ஆயினும் நிலவியல் நோக்கில் அப்பகுதி நகரின் நடுவில் இல்லை. கிழக்கோரத்தில், கடலை ஒட்டியே உள்ளது. ஓரத்தில் அமைந்த ஓரிடம் நடுவிடமாகக் கருதப்பட்டது எங்ஙனம் என்பதும், அங்குக் கூடிய மக்களும் வண்டிகளும் பொருள்களும் மீண்டும் மீண்டும் அகற்றப்பட்டது எதனால் என்பதும் ஆராயத்தக்கன. இவ்வாய்வுக்குக் கட்டடங்கள் மட்டும் போதிய சான்றாகா; அவற்றுட் பல இன்று இல்லை. எனவே மக்கள் வழக்கில் நிலைத்த இடப்பெயர்களையும் துணையாகக் கொண்டு நாம் இவ்வரலாற்றை ஆராய முற்படுகின்றோம்.

வெற்றுவெளி தோன்றிய வரலாறு

கி.பி. 1639இல் சென்னையில் இடம்பெற்ற ஆங்கிலக் கும்பினியார் தம் கோட்டையை எழுப்பிய காலத்திலேயே, அதன் வடபால் நெசவாளரும் வணிகரும் துபாசிகளும் குடியேறினர். அவ்வூரைக் கும்பினியார் கறுப்பர் நகரம் என வழங்கினர். இன்று உயர்நீதிமன்றமும் அதனைச் சூழ்ந்த வளாகமும் அமைந்துள்ள நிலமே அந்நகரம் இருந்த இடமாகும். அங்கே தெருக்கள் இருந்தன, வீடுகள் இருந்தன, சென்னகேசவப் பெருமாள் கோயிலும் இருந்தது.

1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். அக்காலத்துச் செய்திகளை நமக்கு எழுதிவைத்துச் சென்றவருள் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை தலையாயவர். கோட்டைக்கு அணித்தாக இருந்த வீடுகள் பகைவர்க்கு மறைவிடமாகும் என்று கருதிய பிரெஞ்சுக்காரர் அவற்றில் ஒரு பகுதியை இடித்தனர். 1749இல் நகரைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயரும் அதே கருத்தினராகவே இருந்தனர். 1757இல் பெருமாள் கோயில் இடிக்கப்பட்டது. 1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை லாலி என்னும் பிரெஞ்சுத் தளபதி கோட்டையை முற்றுகையிட்டபோது, அவன் படை கறுப்பர் நகரத்திலேயே நிலைகொண்டது. முற்றுகை நீங்கிய பின்னர் எஞ்சிய வீடுகளும் அகற்றப்பட்டன. 1773இல் ஆறு எல்லைத் தூண்கள் நடப்பட்டன. அவற்றிற்கும் கோட்டைக்கும் இடையே எவரும் கட்டடம் எழுப்பலாகாது என்பது கட்டளை. அத்தூண்களுள் ஒன்று பாரிமுனையில் இன்றும் காணப்படுகிறது.

குடியிருந்த மக்கள் யாது ஆயினர்? வடக்கே முன்னரே இருந்த முத்தியாலுப்பேட்டையும் பெத்துநாயக்கன்பேட்டையும் புதிய கறுப்பர் நகரமாயின. கோயிலுக்கு அங்கே மாற்றிடம் கிடைத்தது. மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முயற்சியால் பூக்கடைப் பகுதியில் பெருமாளுக்கும் மல்லீசுவரருக்கும் இரட்டைக் கோயில்கள் எழுந்தன. இடிக்கப்பட்டவற்றுள் கோயிலின் வரலாறு தெளிவாகத் தெரிகின்றது. அதனைச் சூழ்ந்து வாழ்ந்த எளிய குடிகளின் வரலாறு அவ்வாறு தெரிந்திலது. இவ்வேறுபாட்டை ஈண்டு மனத்திற்கொள்ளுதல் வேண்டும். பின்னர் இது பயன்படும்.

இவ்வாறு தோன்றிய வெளிக்கு எஸ்பிளனேடு என்று பெயர். கோட்டை முகப்பில் வெறுமையாக விடப்படும் நிலத்தை ஐரோப்பியப் படைநூலார் அச்சொல்லாற் குறிப்பர். எனவே சென்னையின் நடுவிடம் எனப் பிற்காலத்தார் கொண்ட இடம், பீரங்கிக் குண்டு தடையின்றிச் செல்லும்பொருட்டு ஓர் ஊரை அழித்துப் பெற்ற வெற்றுவெளியே என்பது தெளிவு.

மதிலும் வரியும்

ஐதரலியின் படையெடுப்புகள் சென்னையை அச்சுறுத்தியபின், புதிய கறுப்பர் நகரத்தைச் சுற்றி மதில் எழுப்பப்பட்டது. அதற்கான செலவைக் குடிகள்மீது வரியாக விதிக்கக் கும்பினியார் எண்ணினர். எதிர்ப்பு எழுந்தமையானும் அவ்வரி சட்டத்திற்கு ஒத்ததா என்ற ஐயம் தோன்றியமையானும் அது தண்டப்படவில்லை. ஆயினும் மேற்கு மதிலை ஒட்டிய சாலை வால்டாக்ஸ் சாலை என்றே வழங்குகிறது. மதிலின் பெரும்பகுதி மறைந்தது. வரியோ பிறக்கவே இல்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

பிராட்வே என்னும் பெயரும் இத்தகையதே. முத்தியாலுப்பேட்டைக்கும் பெத்துநாயக்கன்பேட்டைக்கும் இடையே நீர் தேங்கிய பள்ளம் ஒன்று இருந்தது. ஸ்டீபன் பாபம் என்னும் ஆங்கிலேயர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அதனைத் தூர்த்துச் சாலையாக்கினார். குறுகிய தெருக்களுக்கு நடுவே அஃது அகன்ற தெருவாயிற்று. பின்னர் அதற்குப் பிரகாசம் சாலை எனப் பெயரிடப்பட்டது. ஆயினும் அண்மைக் காலம்வரை பயணியர் வாயில் பிராட்வே என்பது ஒரு தெருவைக் குறித்ததினும் ஒரு பேருந்து நிலையத்தையே மிகுதியும் குறித்தது. பள்ளம் தெருவாகி, தெருவின் பெயர் நிலையத்தின் பெயரான இம்மாற்றம் நகர வரலாற்றின் சுருக்கமெனவே கருதத்தக்கது.

வண்டிகள் வந்து கூடியமை

போர் அச்சம் நீங்கிய பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெற்றுவெளியின் முதற்பயன் ஒழிந்தது. அதன் வடகோடியில், 1788இல் வாணிகம் தொடங்கிய தாமஸ் பாரியின் நிறுவனம் நிலைபெற்று, பாரிமுனை என்னும் பெயருக்குக் காரணமாயிற்று. கிழக்கே 1876 முதல் செயற்கைத் துறைமுகப் பணி நடந்தது. வெளியின் நடுவே 1892இல் உயர்நீதிமன்றக் கட்டடம் திறக்கப்பட்டது. பழைய ஊர் நின்ற நிலத்தில் மீண்டும் கட்டடம் எழுந்தது. ஆனால் குடிகள் திரும்பவில்லை.

1895 மே 7ஆம் நாள் சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்திய நாட்டில் மின்சார டிராம் முதன்முதல் ஓடியது இந்நகரிலேயாம். தொடக்கத்தில் தரைக்கடியில் அமைந்த குழாய் வழியே மின்னாற்றல் பெறப்பட்டது. மழைக்காலத்தில் அம்முறை இடர் விளைத்தமையின் பின்னர் மேலே கம்பி கட்டப்பட்டது. டிராம் தண்டவாளம் வளைந்து திரும்புதற்கு அகன்ற இடம் வேண்டும். முத்தியாலுப்பேட்டையின் தெருக்கள் அதற்கு இடந்தரா; கோட்டைக்கு வடக்கிலிருந்த வெளி தந்தது. எனவே படைத்தேவைக்காக ஒழித்த நிலமே வண்டித் தேவைக்கு வாய்ப்பாயிற்று எனத் துணியலாம்.

போக்குவரத்துப் பெருகியதனாலன்றோ அப்பகுதி நடுவிடமாயிற்று எனச் சிலர் வினவக்கூடும். அவ்வினாவிற் பொருளுண்டு. புகைவண்டியை எடுத்துக்கொள்வோம். 1856இல் இராயபுரத்திலும், 1873இல் சென்ட்ரலிலும், 1908இல் எழும்பூரிலும் நிலையங்கள் அமைந்தன. இம்மூன்றும் எஸ்பிளனேடு வெளிக்குப் புறத்தே இருந்தன. புகைவண்டி ஒன்றே நடுவிடத்தை ஆக்கவல்லதாயின், இவற்றுள் ஒன்றன்றோ நடுவிடமாகியிருத்தல் வேண்டும்? நிலையத்தில் இறங்கினோர் வழக்கு மன்றத்தையும் வணிக மனைகளையும் அங்காடியையும் நாடிப் பாரிமுனைக்கே சென்றனர். 1931இல் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம்வரை ஓடத் தொடங்கிய மின்சார இரயிலும் அந்நாட்டத்தைப் பின்பற்றியதே. எனவே வெளி முற்பட்டது, வண்டி பிற்பட்டது என்பதே எம் கருத்து.

நட்டத்தில் வீழ்ந்த டிராம் 1953 ஏப்ரல் 12ஆம் நாளோடு நின்றது. நகரப் பேருந்துகளை 1947 முதல் அரசே ஏற்று நடத்தலாயிற்று. 1972இல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் தோன்றியது. டிராம் திரும்பிய வெளியிலேயே பேருந்துகளும் வந்து நின்றன. வெளியூர்ப் பேருந்துகளும் அவற்றோடு சேர்ந்தன.

அங்காடிகள் அகன்றமை

கூட்டம் மிகுந்தபோதெல்லாம் ஆட்சியாளர் அகற்றுதலையே மருந்தாகக் கொண்டனர். பிராட்வேயிலிருந்த பழைய அங்காடிக்கு மாற்றாகச் சென்ட்ரல் அருகே மூர் மார்க்கெட் 1900இல் திறக்கப்பட்டது. நகராட்சித் தலைவர் ஜார்ஜ் மூர் பெயரால் அது வழங்கியது. அங்கிருந்த பழைய புத்தகக் கடைகளைத் தமிழ் ஆராய்ச்சியாளர் மறத்தல் இயலாது. கிடைத்தற்கரிய பதிப்புகளை அங்கே தேடிப் பெற்றோர் பலர். 1985இல் தீ அம்மார்க்கெட்டை அழித்தது. அந்நிலத்தில் புறநகர் இரயில் நிலையம் எழுந்து, அங்காடியின் பெயரையே தாங்கியது. பிராட்வேயிலிருந்து அகற்றப்பட்ட வாணிகம், இரண்டாம் முறையும் தன் இடத்தைப் போக்குவரத்துக்கு விட்டுக்கொடுத்தது.

கொத்தவால் சாவடியின் வரலாறும் நோக்கத்தக்கது. கொத்தவால் என்பான் நகர்க்காவல் தலைவன்; சாவடி அவன் அலுவலிடம். அப்பதவி மறைந்தபின் அப்பெயர் காய்கறி அங்காடிக்கு உரியதாயிற்று. மூட்டை தூக்குவோரும் கைவண்டி இழுப்போரும் அக்குறுந்தெருக்களை நம்பி வாழ்ந்தனர். 1996இல் மொத்தக் காய்கறி வாணிகம் கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்டது. இம்மாற்றம் தீதென்று நாம் கூறவில்லை. பாரவண்டிகள் நுழைய இயலாத தெருவில் மாநகர் முழுமைக்கும் உரிய உணவு அங்காடி நீடித்தல் அரிது. புதிய இடத்தில் அகன்ற சாலையும் கடைகளும் அமைந்தன. ஆயினும் கடை உரிமை பெற்ற வணிகருக்கு மாற்றிடம் காட்டிய திட்டம், அன்றாடக் கூலிக்கு மூட்டை சுமந்தவர்க்கும் அங்ஙனமே காட்டியதா என்று கேட்டல் வரலாற்றாசிரியன் கடமை. 1757இல் இடிக்கப்பட்ட கோயிலுக்குப் பின்னர் மாற்றிடம் கிடைத்ததையும், குடிகளின் வரலாறு தெளிவுறாமையையும் மேலே கண்டோம். அவ்வேறுபாடே ஈண்டும் தொடர்கிறது.

1973இல் கைரிக்ஷா ஒழிக்கப்பட்டபோது இழுத்தவர்க்கு மிதிரிக்ஷா வழங்கப்பட்டமை இதற்கு மாறான எடுத்துக்காட்டு. ஒரு தொழிலை நீக்குவோர் அத்தொழிலாளரையும் கணக்கிற் கொள்ளல் கூடும் என்பதற்கு அது சான்று.

பேருந்துகள் அகன்றமை

2002 நவம்பரில் கோயம்பேட்டுப் பேருந்து நிலையம் திறக்கப்பட்டது. வெளியூர்ப் பேருந்துகள் பாரிமுனையை நீங்கின. அப்பொழுது கோயம்பேடு நகரின் புறத்தே உள்ளதென எண்ணப்பட்டது. இருபது ஆண்டுகளில் நகரம் அதனைச் சூழ்ந்து வளர்ந்தது. அங்கும் நெரிசல் மிகுந்தது. 2023 டிசம்பர் 30ஆம் நாள் கிளாம்பாக்கத்தில் புதிய முனையம் திறக்கப்பட்டு, தென்மாவட்டப் பேருந்துகள் அங்கு மாற்றப்பட்டன. பாரிமுனைக்குக் கூறிய காரணமே கோயம்பேட்டுக்கும் கூறப்பட்டமை கருதத்தக்கது. நெரிசல் ஓரிடத்தின் குணமன்று; மக்கள் பிழைப்புக்கும் வழிக்கும் ஓரிடத்தையே நாட வேண்டியுள்ள நிலையின் விளைவு. அந்நிலை மாறாதவரை, அகற்றிய நெரிசல் சென்ற இடத்தில் மீண்டும் தோன்றும்.

2019 பிப்ரவரியில் உயர்நீதிமன்றம், மண்ணடி ஆகிய இடங்களில் மெட்ரோ இரயில் நிலையங்கள் நிலத்தடியில் திறக்கப்பட்டன. இம்முறை வண்டி வந்தது. மேலுள்ள வெளி விரியவில்லை. ஓர் ஊரை அழித்து வண்டிக்கு இடம் பெற்ற நிலத்தில், மண்ணுக்குக் கீழே சென்று இடம் பெற்றமை ஒரு புதுமை. அகற்றாமலும் போக்குவரத்தை வளர்த்தல் இயலும் என்பதை இது காட்டுகிறது. எனினும் கட்டணம் தரவல்லார்க்கே அது பயன்படும் என்பதையும் உடன்வைத்து எண்ணுதல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படும். பாரிமுனைப் பகுதி இயல்பாய் வளர்ந்த நடுவிடமன்று. போர்த்தேவைக்காக ஆக்கப்பட்ட வெற்றுவெளியே போக்குவரத்தைத் தன்பால் ஈர்த்தது என்பது ஒன்று. ஒவ்வொரு சீரமைப்பிலும் உடைமையும் ஆவணமும் உடையோர்க்கு மாற்றிடம் எளிதிற் கிட்டியது. இவையில்லாதார் வரலாற்றினின்றும் மறைந்தனர் என்பது மற்றொன்று. அங்ஙனம் மறைந்தவற்றின் தடம் இடப்பெயரிலே எஞ்சியிருக்கிறது என்பது மூன்றாவது.

இம்மூன்றாவதனை நோக்கியே நாம் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். பிராட்வே நிலையத்தையும் பன்முகப் போக்குவரத்து வளாகமாக மாற்றும் திட்டம் முன்வைக்கப்பட்டுள்ளது. திட்டம் வகுப்போர் வண்டிகளின் எண்ணிக்கையைக் கணக்கிடுவர்; நிலத்தின் விலையையும் கணக்கிடுவர். நடந்து வருவோரையும், தரையில் கடை விரித்தோரையும், சுமை தூக்குவோரையும், அவர்கள் ஒவ்வொரு மூலைக்கும் வழங்கும் பெயர்களையும் கணக்கிடுதல் நம் போன்றோர் பணி. அரசு ஆவணத்தில் ஏறாத பெயர் அவர்கள் வாயில் மட்டுமே வாழ்கிறது. அவர்கள் அகன்றால் அதுவும் அகலும்.

முதுகலை மாணவர் சிலர் மண்ணடியிலும் பூக்கடையிலும் கொத்தவால் சாவடியிலும் முதியோரைக் கண்டு, தெருப்பெயர்களையும் தொழிற்சொற்களையும் தொகுப்பாராயின், இங்கு நாம் சுருக்கமாகக் கூறியவை விரிவும் திருத்தமும் பெறும். 1773ஆம் ஆண்டின் தூண் கல்லாதலின் காத்திருக்கும். கொத்தவால் சாவடியில் மூட்டை சுமந்த முதியவர் அங்ஙனம் காத்திரார். ஆதலின் அவர்பாற் செல்லுதலே முதற்கண் செய்யத்தக்கது.