ஏழாம் ஆண்டின் நியாயம்

ஆறு நாள் உழைத்தவன் ஏழாம் நாள் ஓய்ந்திருக்க வேண்டும் என்னும் யூதரின் விதியை நேயர்கள் அறிந்திருப்பீர்கள். ஆறாண்டு விளைந்த நிலமும் ஏழாம் ஆண்டில் ஓய்ந்திருக்க வேண்டும் என்று அவர்களுடைய வேதம் கூறுவது அத்துணை பரவலாக அறியப்பட்டதன்று. எபிரேய மொழியில் அவ்வாண்டின் பெயர் ஷெமிட்டா. விட்டுவிடுதல் என்பது அதன் பொருள்.

எதனை விட்டுவிடுதல்? உழவையும் விதைப்பையும் விடுதல் முதலாவது. தானாக முளைத்ததை நிலத்துக்குரியவன் தனக்கென்று குவித்துக்கொள்ளும் உரிமையை விடுதல் இரண்டாவது. அவ்வாண்டில் வயலும் திராட்சைத் தோட்டமும் ஒலிவத் தோப்பும் எல்லார்க்கும் திறந்திருக்கும், கூலியாளும் அயல்நாட்டானும் ஏழையும் புகுந்து உண்ணலாம், எஞ்சியது விலங்குகளுக்கு. காட்டு விலங்கின் பசியையும் கணக்கில் எடுத்த நிலச் சட்டம் உலக வரலாற்றில் அரிது. நிலம் கடவுளுடையது, மனிதர் அதில் குடியிருக்க வந்தவர்களே என்பது இதற்கு லேவியராகமம் காட்டும் காரணம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த பேரறிஞர் மைமோனிடிஸ், தரிசாய்க் கிடந்த நிலம் வலுப்பெற்று மிகுதியாக விளையும் என்ற உலகியற் காரணத்தையும் சேர்த்துச் சொன்னார். கமக்காரர் எவரும் அதனை மறுக்கமாட்டார்.

மூன்றாவது விடுதல் கடனைப் பற்றியது. ஏழாம் ஆண்டு முடியும்போது கொடுத்த கடனைக் கேளாது விடவேண்டும் என்று உபாகமம் விதித்தது. ஏழை என்றென்றும் கடனில் அமிழ்ந்துவிடாமற் காப்பதே நோக்கம். ஆயின் நடந்தது வேறு. ஏழாம் ஆண்டு நெருங்க நெருங்க, பணமுடையோர் கடன் கொடுக்கவே மறுத்தனர். விதைநெல்லுக்கு வழியில்லாதவன் வாசலில் நின்று வெறுங்கையோடு திரும்பினான். ஏழைக்காக எழுதிய சட்டமே ஏழையின் கழுத்தை நெரித்தது. இத்தகைய மறுப்பு நேரும் என்று வேதமே முன்கூட்டி எச்சரித்திருந்தும் பயனில்லை.

கிறிஸ்துவுக்குச் சிறிது முற்பட்ட காலத்தில் எருசலேமில் வாழ்ந்த ஹில்லேல் என்னும் ஆசான் இதனைக் கண்டார். வேதச் சட்டத்தை நீக்க அவருக்கு அதிகாரமில்லை. ஆகவே ஒரு பத்திரத்தை வகுத்தார். கடன் கொடுத்தவன் தன் கடன்களை நியாயாதிபதிகளிடம் ஒப்படைப்பதாக அதில் எழுதிக் கையொப்பம் பெறுவான். தனியொருவன் கேட்பதைத்தான் சட்டம் தடுத்தது. நியாயசபையின் வழியே பெறுவதை அது தடுக்கவில்லை. கிரேக்கச் சொல்லொன்றிலிருந்து வந்த புரொஸ்புல் என்னும் பெயரால் அப்பத்திரம் வழங்கலாயிற்று. கி.பி. 200ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பெற்ற மிஷ்னா நூல், மக்கள் கடன் கொடுக்கத் தயங்கியதைக் கண்டே ஹில்லேல் இதனை ஏற்படுத்தினார் என்று காரணத்தையும் பதிந்து வைத்திருக்கிறது. இதனைத் தந்திரம் என்று ஏளனஞ்செய்வோர் உளர். எனக்கோ, சட்டத்தின் எழுத்தைவிடப் பசித்தவனின் முகத்தை உற்றுநோக்கிய ஒருவரின் துணிவாகவே இது தோன்றுகிறது.

அந்த மிஷ்னாவிலேயே, தோல் பதனிடும் தொழிற்கூடம் ஊரிலிருந்து ஐம்பது முழத்துக்கு அப்பால், ஊரின் கிழக்கே மாத்திரம் அமையலாம் என்ற விதியும் உண்டு. அந்நாட்டில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும். நாற்றம் ஊருக்குள் வாராதிருக்கவே இவ்வேற்பாடு.

நிலத்தின் ஓய்வு பற்றிய விதி இஸ்ரவேல் நாட்டு மண்ணுக்கே உரியது. யூதர் உலகெங்கும் சிதறிய பின்னர் அது பெரும்பாலார்க்கு ஏட்டுக் கல்வியாயிற்று. 1880களில் இரஷ்யப் பேரரசிலிருந்து வந்தவர்கள் பலஸ்தீனத்தில் கமத்தொழிலைத் தொடங்கியபோது அது மீண்டும் வயலுக்கு வந்தது. 1888 செப்டெம்பரில் ஏழாம் ஆண்டு பிறந்தது. குடியேறியோரோ வறியர், பாரிஸ் நகரத்துச் செல்வரான எட்மண்ட் டி ரொத்ஸ்சைல்டின் உதவியால் வாழ்ந்தவர் பலர். ஓராண்டு உழாதிருந்தால் குடியேற்றமே அழியுமென அஞ்சினர். லித்துவேனியாவின் கோவ்னோ நகரத்து ரபி இட்சாக் எல்ஹானான் ஸ்பெக்டர் முதலானோர், நிலத்தை அவ்வாண்டுக்கு யூதரல்லாதார் ஒருவருக்கு விற்றுவிட்டுப் பயிரிடலாம் என்னும் வழியை ஆதரித்தனர். எருசலேமின் அஷ்கெனாசிய ரபிமார் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். எக்ரோன் என்னும் குடியேற்றத்தினர் ஏரைத் தொடோம் என்று மறுத்து நிருவாகிகளின் சினத்துக்கு ஆளாயினர்.

மீட்டுக்கொள்ளும் எண்ணத்தோடு விற்பது விற்பனையாகுமா என்று என் வகுப்பில் மாணவனொருவன் வினவினான். எதிர்த்தவர்களின் வினாவும் அதுவே. 1909ஆம் ஆண்டில் அடுத்த சர்ச்சை மூண்டபோது, யாஃபாவின் ரபி ஆபிரகாம் இட்சாக் கூக் விற்பனையை ஆதரித்து ஒரு நூலே எழுதினார். வியப்பு யாதெனில், அதன் முன்னுரை ஷெமிட்டாவின் பெருமையையே பேசுகிறது. ஓய்வின் சிறப்பை அவரளவு உணர்ந்தவர் சிலரே. எனினும், குடியானவனின் பட்டினியின்மேல் அதனை நிறுவ அவர் உடன்படவில்லை. சபேத் நகரத்து ரபி வில்லோவ்ஸ்கி அவரை வன்மையாக எதிர்த்தார்.

அவ்வழக்கு இன்னும் ஓயவில்லை. 2021 செப்டெம்பர் முதல் 2022 செப்டெம்பர் வரை நிகழ்ந்த ஏழாம் ஆண்டிலும், இஸ்ரேலில் விற்பனையை ஏற்றுப் பயிரிட்டோர் இருந்தனர். அறநிதிகளின் உதவி பெற்று நிலத்தைத் தரிசாக விட்டோரும் இருந்தனர். யூதரல்லாதார் விளைவித்த காய்கறியையே வாங்கி உண்டோரும் இருந்தனர். விதியால் கட்டுண்ணாத அமெரிக்க யூதருள் ஒரு சாரார், மண்ணின் அழிவையும் கடன் சுமையையும் ஒருங்கே எண்ணிப்பார்க்கும் ஆண்டாக அதனைக் கொண்டனர். ஆயினும் நிலமே இல்லாத நகரத்துக் கூலியாளுக்குத் திறந்துவிட இன்று எவருடைய தோட்டம் இருக்கிறது என்ற வினாவுக்கு, இத்தரப்பினருள் ஒருவரும் நிறைவான விடை தந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஹில்லேலின் பத்திரமோ இன்றும் எழுதப்படுகிறது. அடுத்த ஏழாம் ஆண்டு 2028 செப்டெம்பரில் பிறக்கும்.