பழுதா, பாட்டா? – ஒரு கரகரப்பின் கதை

பழைய மாணவர் மலர் என்றால் விடுதிச் சாப்பாட்டையும் வாத்தியார்களின் பட்டப்பெயர்களையும் பற்றித்தான் எழுதவேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லையே! ஆகவே, நம் எலெக்ட்ரானிக்ஸ் துறை நண்பர்களுக்கும், கிடாரும் கையுமாகத் திரிந்த மற்ற நண்பர்களுக்கும் பொதுவான ஒரு சங்கதியைச் சொல்கிறேன்.

உள்ளே போகும் ஒலியலைக்கு ஓர் உருவம், வெளியே வரும்போது வேறு உருவம் என்றால் அதுதான் டிஸ்டார்ஷன். காதுக்குக் கரகரவென்று கேட்கும். அதை ஒழிக்க எஞ்சினீயர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த காலத்திலேயே, அதைப் பெட்டியில் அடைத்துக் காசுக்கும் விற்றார்கள். வேடிக்கைதான்!

அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரில் 1951-இல் பதிவான 'ராக்கெட் 88' பாட்டில், அடிபட்ட கிடார் ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கருக்குள் காகிதத்தை அடைத்துச் சமாளித்தார்கள் என்று சொல்வார்கள். ஆனால் கதையின் முக்கியமான இடம் நாஷ்வில். அங்கே மார்ட்டி ராபின்ஸ் பாடிய 'டோன்ட் வொரி' பாட்டின் ஒலிப்பதிவில், கிரேடி மார்ட்டின் வாசித்த ஆறு தந்தி பேஸ் கிடார் திடீரென்று வண்டு மாதிரி ரீங்கரித்தது. மிக்ஸிங் கன்சோலில் ஒரு சேனலின் டிரான்ஸ்ஃபார்மர் கெட்டுப்போனதுதான் காரணம். "இன்னொரு தடவை எடுப்போம்" என்று விட்டிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். அவர்கள் அப்படியே விட்டுவைத்தார்கள். 1961-இல் வெளிவந்த பாட்டு சக்கைப்போடு போட்டது.

உடனே மற்றவர்களும் "எங்களுக்கும் அதே சத்தம் வேணும்" என்று வந்தார்கள். அதற்குள் அந்தச் சேனல் முழுக்கவே செத்துப்போயிருந்தது! பதிவு எஞ்சினீயர் கிளென் ஸ்னாடி சும்மா இருக்கவில்லை. ரெவிஸ் ஹாப்ஸ் என்ற எஞ்சினீயருடன் சேர்ந்து, அந்தப் பழுதையே டிரான்சிஸ்டர்களால் செய்துகாட்டினார். மூன்று ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்கள், இரண்டு 1.5 வோல்ட் பேட்டரிகள், அவ்வளவுதான். கிப்சன் கம்பெனி அதை 1962-இல் 'மாஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' பாட்டில் கீத் ரிச்சர்ட்ஸ் அதை மிதித்ததும், பெட்டிக்குத் தட்டுப்பாடே வந்துவிட்டது.

பழுதுபார்ப்பவனுக்கு வினை வந்தது இங்கேதான். பழைய எஃபெக்ட்ஸ் பெட்டி ஒன்று கரகரக்கிறது என்று வந்தால், அது பிறவிக் குணமா, வயோதிக நோயா? முதலில் இதைப் பிரித்தறிய வேண்டும்.

நான் முதலில் பெட்டியைத் திறக்கவே மாட்டேன். கிடாரின் மெல்லிய சிக்னலுக்காகச் செய்த பெட்டிக்குள் மிக்சரின் லைன் லெவலை விட்டால் கரகரக்காமல் என்ன செய்யும்? பேட்டரி, ஒயர், லெவல் மூன்றும் சரிதானா என்று பார்த்தாலே பாதிப் புகார்கள் அடங்கிவிடும்.

அடுத்தது, எக்கோ பெட்டியானால் நேர் ஒலியும் கெடுகிறதா, எதிரொலி மட்டும் கெடுகிறதா என்று கேட்டுப் பார்க்கவேண்டும். நேர் ஒலி சுத்தமாக இருந்தால் கோளாறு தாமதப் பாதையில்தான். 1974-இல் வந்த ரோலண்ட் ஆர்.இ.-201 ஸ்பேஸ் எக்கோ என்றால், தேய்ந்த டேப், அழுக்கேறிய ஹெட், குறைந்துபோன பதிவு பயாஸ். சிப் வைத்த பெட்டி என்றால் வேறு கதை. 1969-இல் ஃபிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் பிறந்த 'பக்கெட் பிரிகேட்' முறை அது. தீயை அணைக்க வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுவதுபோல மின்னூட்டத்தைக் கைமாற்றும். அதன் பயாஸ் ப்ரீசெட் கொஞ்சம் நகர்ந்தாலும் எதிரொலி கரகரக்கும்.

அதற்குப் பிறகுதான் நாம் லேபில் படித்த பாடம். 1000 ஹெர்ட்ஸ் சைன் அலையைக் கொடுத்து, ஆசிலாஸ்கோப்பில் கட்டம் கட்டமாகப் பின்தொடர வேண்டும். அலையின் இரண்டு தலையும் சமமாக நசுங்கினால், அளவுக்கு மீறிய சிக்னலோ, காய்ந்துபோன ஃபில்டர் கண்டன்சரால் இறங்கிவிட்ட சப்ளையோ இருக்கலாம். ஒரு தலை மட்டும் நசுங்கினால் பெரும்பாலும் பயாஸ் கோளாறு. வால்வு செட்டில் இணைப்புக் கண்டன்சர் கசிந்து, அடுத்த வால்வுக்கு டி.சி.யும் போய்ச் சேர்வது இப்படித்தான். (பிளக்கைப் பிடுங்கிய பிறகும் வால்வு செட்டின் கண்டன்சரில் ஆளை அடிக்கும் வோல்டேஜ் நிற்கும். ஜாக்கிரதை!) ஜெர்மேனியம் டிரான்சிஸ்டரோ வெயிலுக்கே குணம் மாறும். காலையில் ஒரு சத்தம், மதியம் வேறு சத்தம். அது பழுதே அல்ல.

இந்த விசாரணை எதுவும் இல்லாமல், "எல்லாப் பாகத்தையும் மாத்திட்டேன் சார், புதுசு மாதிரி ஆயிடுச்சு" என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. புதிதாக ஆகியிருக்கலாம், ஆனால் அந்தப் பாட்டில் கேட்ட சத்தம் போயே போச்சு. குப்பைக்கூடைக்குப் போன பழைய ஜெர்மேனியம் டிரான்சிஸ்டருக்கு ஜோடி தேடினால் கிடைப்பது குதிரைக்கொம்பு. நாஷ்வில்லில் அன்று கெட்டுப்போனதை விட்டுவைத்தவர்களால் ஒரு சரித்திரம் உண்டானது. நம் சால்டரிங் அயர்னால் அது அழியக் கூடாது.

ஆகவே நண்பர்களே, உங்கள் பரணிலோ பிள்ளைகளின் அறையிலோ இப்படி ஒரு பெட்டி இருந்தால், ப்ரீசெட்டுகளைத் தொடுமுன் அவை நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கெட்டதை மட்டும் மாற்றுங்கள். கழற்றிய பாகங்களை ஒரு கவரில் போட்டு, மேலே தேதி எழுதி, பெட்டியோடு சேர்த்தே வையுங்கள். அடுத்துத் திறக்கிறவருக்கு அது உதவும்.