கவனக்குறைவு (தீங்கியல் சட்டம்)

ஒருவர் காட்டவேண்டிய கவனத்தைக் காட்டத் தவறியதால் பாதிக்கப்பட்ட இன்னொருவர், உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்டுத் தொடுப்பது கவனக்குறைவு வழக்கு. பிரதிவாதிக்கு வாதியின்பால் கவனக் கடமை இருந்தது, அதை அவர் மீறினார், தீங்கு அந்த மீறலால்தான் விளைந்தது, சட்டம் ஏற்கும் சேதம் உண்டானது என நான்கையும் வாதி நிறுவவேண்டும். ஒன்று விடுபட்டாலும் வழக்கு நிற்காது. இந்தியாவில் இத்துறை தனிச் சட்டமாகத் தொகுக்கப்படவில்லை. ஆங்கிலப் பொதுச்சட்டத் தீர்ப்புகளை ஒட்டியே வளர்ந்தது. இலங்கையில் இதற்கு அடித்தளம் ரோமன்-டச்சுச் சட்டம்.

கவனக் கடமை யாருக்கு உண்டு என்பதற்கு இன்றும் முதலில் காட்டப்படுவது டோனஹியூ எதிர் ஸ்டீவன்சன் வழக்கு. 1928 ஆகஸ்ட் 26 அன்று ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரச் சிற்றுண்டிச் சாலை ஒன்றில், தோழி வாங்கித் தந்த ஜிஞ்சர் பீரை ஒரு பெண் குடித்தார். உள்ளிருப்பது தெரியாத அந்தப் புட்டியிலிருந்து அழுகிய நத்தை வெளிவந்ததாகவும், அதனால் தாம் நோயுற்றதாகவும் அவர் வழக்குத் தொடுத்தார். பானத்தை வாங்கியவர் தோழி. ஆகவே ஒப்பந்தச் சட்டப்படி குடித்த பெண்ணுக்கு வழி எதுவும் இல்லை. 1932இல் பிரிட்டனின் பிரபுக்கள் அவை மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில், தயாரிப்பாளருக்கு நுகர்வோரிடம் நேரடியாகவே கடமை உண்டு என்று தீர்ப்பளித்தது. நம் செயலால் பாதிக்கப்படக்கூடும் என்று நியாயமாக முன்கூட்டியே உணரத்தக்க எவரும் சட்டத்தின் கண்ணில் நம் அயலார் என்பது அதில் நீதிபதி அட்கின் பிரபு வகுத்த நெறி. வழக்கு பிறகு சமரசத்தில் முடிந்ததால், புட்டியில் நத்தை இருந்ததா என்பது நீதிமன்றத்தில் நிரூபிக்கப்படவே இல்லை.

கடமை மீறலை அளக்கும் கோல், அதே நிலையில் நியாயமான ஒருவர் என்ன செய்திருப்பார் என்பது. என்னால் இயன்றதைச் செய்தேன் என்று பிரதிவாதி சொல்வது போதாது. அதேவேளை, நிகழவே வாய்ப்பு அரிதான ஒவ்வொன்றுக்கும் காவல் போடும்படி சட்டம் கேட்பதுமில்லை. மைதானத்துக்கு வெளியே சாலையில் நின்ற பெண்மீது கிரிக்கெட் பந்து விழுந்த போல்டன் எதிர் ஸ்டோன் வழக்கில், முப்பது ஆண்டுகளில் ஆறு முறை அளவிலேயே பந்து அவ்வாறு வெளியேறியிருந்தது என்பதைக் கருதி, 1951இல் கிளப்புக்குப் பொறுப்பில்லை எனத் தீர்ப்பானது.

காரணத் தொடர்பே மிகக் கடினமான படி. நியாயமான வருத்தத்தோடு வருபவர்கள் பலர் தோற்பதும் இங்கேதான். 1966 புத்தாண்டு நாள் காலையில், தேநீர் குடித்தபின் வாந்தியெடுத்த இரவுக் காவலர்கள் மூவர் லண்டன் மருத்துவமனை ஒன்றுக்குச் சென்றனர். பணி மருத்துவர் அவர்களைப் பார்க்காமலேயே வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். ஒருவர் சில மணி நேரத்தில் ஆர்சனிக் நஞ்சால் இறந்தார். கடமை இருந்தது, மீறலும் இருந்தது என நீதிமன்றம் ஏற்றது. ஆனால் உடனே சேர்த்துச் சிகிச்சை அளித்திருந்தாலும் அவர் பிழைத்திருக்க வாய்ப்பில்லை என்று சான்றுகள் காட்டியதால் மனைவியின் வழக்கு தள்ளுபடியானது. கேட்கக் கசப்பாக இருந்தாலும் தருக்கம் சரியே: தவறுக்குத் தண்டனை தருவது குற்றவியல் சட்டத்தின் வேலை, தீங்கியல் ஈடுசெய்வது அந்தத் தவறு விளைவித்த இழப்பை மட்டும். அந்த இழப்பும் முன்னுணரத்தக்க வகையினதாக இருக்கவேண்டும் என்று, சிட்னி துறைமுகத்தில் கசிந்த எண்ணெய் தீப்பற்றிய ‘வேகன் மவுண்ட்’ வழக்கில் 1961இல் பிரிவி கவுன்சில் வரம்பு கட்டியது.

நிரூபிக்கும் சுமை வாதியுடையது. கிரிமினல் வழக்கைப்போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. இப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். நிகழ்வே கவனக்குறைவைச் சொல்லிவிடும் சூழலும் உண்டு. டெல்லி சாந்தினி சவுக்கில் மணிக்கூண்டு இடிந்து விழுந்து பலர் மாண்ட வழக்கு இதற்கு நல்ல சான்று. கட்டி எண்பது ஆண்டுகள் ஆகியிருந்தன; அவ்வகைச் சாந்தின் ஆயுளோ நாற்பது, நாற்பத்தைந்து ஆண்டுகளே. மறைந்திருந்த பழுதை அறிய இயலவில்லை என்ற மாநகராட்சியின் வாதத்தை 1966இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பொது வழியை ஒட்டி நிற்கும் கட்டடத்தை அவ்வப்போது முறையாகச் சோதிப்பது உரிமையாளரின் கடமை என்று அது உறுதிசெய்தது.

பாதிக்கப்பட்டவரின் கவனக்குறைவும் சேர்ந்திருந்தால் அந்த அளவுக்கு இழப்பீடு குறையும்.

இந்தியாவில் கட்டணம் பெற்றுத் தரப்படும் மருத்துவச் சேவையில் நேரும் கவனக்குறைவுக்கு, 1995 தீர்ப்பு ஒன்றின்படி, நுகர்வோர் ஆணையங்களையும் நாடலாம். புகாரை இரண்டு ஆண்டுகளுக்குள் தரவேண்டும். சிகிச்சைப் பதிவேடுகளை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நடத்தை விதி; காரணத் தொடர்பை நிறுவப் பெரும்பாலும் அந்த ஏடுகளே ஆதாரம் என்பதால், பாதிக்கப்பட்டவர்கள் தாமதிக்காமல் அவற்றை எழுத்து மூலம் கேட்டு வாங்கவேண்டும்.