கிராவல் ரோட்டில் அம்மா ஓட்டிய சைக்கிள்

போன ஞாயித்துக்கிழமை திருச்சியிலேர்ந்து நாலு தம்பிங்க சைக்கிள்ல வந்தாங்க. "அண்ணே, தார் ரோட்டுல ஏறாமலே நார்த்தாமலைக்குப் போக வழி இருக்கா?"ன்னு கேட்டாங்க. வண்டிக்குப் பேரு கிராவல் பைக்காம். எங்க ஊர்லயும் அந்தப் பாதைக்குக் கிராவல் ரோடுன்னுதான் பேரு! பொட்டலைத் தாண்டி, முள்ளுக்காடு வழியா, தைலமரக்காட்டுக்குள்ள போகும்.

அந்தப் பாதைக்குச் சைக்கிள் புதுசில்லை. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் பெண்களுக்குப் பாடமாக்கினார். வயக்காட்டிலும் கல்குவாரியிலும் கூலிக்குப் போன பெண்கள் ஆயிரக்கணக்கில் ஓட்டப் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை. பார் வச்ச ஆம்பளை சைக்கிளையே எடுத்தார்கள். பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பது கூடுதல் வசதி.

எங்க அம்மா பழகினதும் இந்தப் பொட்டல்லதான், ஊர்க்கண்ணுக்குப் பயந்து, பொழுது சாஞ்ச பிறகு. சரளையில விழுந்த தழும்பு முழங்கால்ல இன்னும் இருக்கு. அதுக்கப்புறம் சந்தைக்குப் போக அம்மா யாரையும் எதிர்பார்த்து நின்னதில்லை.

தம்பிங்களுக்கு வழி சொன்னேன். கூடவே, "சீக்கிரம் இதுக்கும் தார் போடப்போறாங்க"ன்னேன். அவங்க முகம் வாடிப்போச்சு.

திண்ணையில இருந்த அம்மா சொன்னாங்க: "முப்பது வருசமா கேட்டுக்கிட்டிருக்கோம். போடட்டும்."