செதிலிலிருந்து கோளத்துக்கு: மின்கல கிராஃபைட்டின் மதிப்பு உருவாகும் இடம்

2023 ஜூனில் இந்திய அரசு வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் கிராஃபைட்டும் இடம்பெற்றது. அதன்பின் இக்கனிமத்தைப் பற்றி நடக்கும் பேச்சு பெரும்பாலும் நிலத்துக்கடியில் எவ்வளவு இருக்கிறது, எந்தப் பகுதியை ஏலம் விடலாம் என்பதைச் சுற்றியே நிற்கிறது. லித்தியம் அயனி மின்கலத்தைப் பொறுத்தவரை இது தவறான இடத்தில் தேடுவதாகும் என்பதே இக்கட்டுரையின் வாதம். தட்டுப்பாடு தாதுவில் இல்லை; அதைத் துகளாக்கும் தொழிலில் இருக்கிறது.

இதற்கான காரணம் பொருளின் அமைப்பிலேயே தொடங்குகிறது. மின்கலத்தின் எதிர்மின்வாயான ஆனோடில் பயன்படும் கிராஃபைட் அடுக்கடுக்கானது. ஆறு கார்பன் அணுக்களுக்கு ஒரு லித்தியம் என்ற கணக்கில், ஒரு கிராம் கிராஃபைட் 372 மில்லிஆம்பியர் மணி வரை மின்னூட்டத்தை ஏற்கும். ஆனால் லித்தியம் அடுக்கின் தட்டையான முகத்தின் வழியாக எளிதில் நுழைவதில்லை, விளிம்பு வழியாகத்தான் நுழைகிறது. சுரங்கத்திலிருந்து வரும் செதில்களை அப்படியே பசையில் குழைத்துச் செம்புத் தாளில் பூசி உருளைகளுக்கிடையே அழுத்தினால், அவை தாளுக்கு இணையாகப் படுத்துவிடும். விளிம்புகள் பக்கவாட்டில் திரும்பிவிட, லித்தியம் சுற்றி வளைந்து செல்ல வேண்டியிருக்கும். விரைவாக மின்னேற்ற முயன்றால், உள்ளே போக வழியில்லாத லித்தியம் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படியும். அது மின்கலத்தின் ஆயுளுக்கும் பாதுகாப்புக்கும் கேடு.

எனவேதான் செதிலை உருட்டுகிறார்கள். நுரை மிதப்பு முறையில் செறிவூட்டிய மாவு, வரிசையாக நிறுத்திய மோதல் அரவை எந்திரங்களுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்தப்படுகிறது. ஒவ்வொரு மோதலிலும் செதிலின் ஓரம் மடிந்து, முட்டைக்கோஸ் இலைகள் ஒன்றன்மேல் ஒன்று சுருள்வதுபோலத் தன்மேலேயே சுருண்டு, ஏறத்தாழ 10 முதல் 20 மைக்ரான் அளவுள்ள உருண்டையாகிறது. முறிந்து உதிரும் நுண்தூளைக் காற்றோட்டத்தில் தரம்பிரிக்கும் எந்திரம் ஒதுக்கிவிடுகிறது. உருண்டைகள் நெருக்கமாக அடங்குவதால் அதே கன அளவில் கூடுதல் கார்பன் கொள்ளும், மேற்பரப்பும் குறையும். முதல் மின்னேற்றத்தின்போது கிராஃபைட்டின் மேல் ஒரு படலம் உருவாகிறது. அதற்குச் செலவாகும் லித்தியம் திரும்பி வருவதில்லை. மேற்பரப்பு குறைந்தால் இந்த இழப்பும் குறையும். உருண்டைகளின் மீது நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பிட்ச்சைப் பூசி 1000 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் கரியாக்குவதும் இதே நோக்கத்துக்காகத்தான்.

இந்தத் தொழிலின் கசப்பான கணக்கு இங்கேதான் வருகிறது. உள்ளே போன செதிலில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு உருண்டையாகாமல் நுண்தூளாகவே வெளியேறுவது வழக்கம். அந்தத் தூளுக்கு எஃகு ஆலையிலும் பிரேக் பட்டையிலும் உயவுப்பொருளிலும் இடம் உண்டு, ஆனால் விலை மிகக் குறைவு. ஆகவே ஆலை பிழைப்பதும் நொடிப்பதும் தாதுவின் விலையைவிட, உருண்டையாகும் விகிதத்தையும் நுண்தூளை எங்கே விற்கிறோம் என்பதையும் பொறுத்தது. சுரங்க இருப்பை டன் கணக்கில் அறிவிக்கும் அறிக்கைகள் பெரும்பாலும் இந்த விகிதத்தைச் சொல்வதில்லை.

தூய்மையாக்கம் இன்னும் கடுமையானது. மின்கலம் 99.95 விழுக்காடு கார்பனைக் கேட்கிறது. கடைசி மாசு பெரும்பாலும் சிலிக்கேட்டுகள். அவற்றைக் கரைக்கச் சீன ஆலைகள் நெடுங்காலமாக ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தை நம்பியிருக்கின்றன. கழிவுநீரைச் சுண்ணாம்பிட்டு நடுநிலையாக்கி, கால்சியம் ஃபுளூரைடாக வீழ்படியச் செய்ய வேண்டும்; அதைச் செம்மையாகச் செய்வதற்குச் செலவாகும். கிராஃபைட் ஆலைகளைச் சுற்றியுள்ள சீனக் கிராமங்களில் கரித்தூள் படிந்த வீடுகளையும் பயிர்களையும் 2016-இல் வாஷிங்டன் போஸ்ட் விரிவாகப் பதிவு செய்தது. மலிவான ஆனோடின் விலையில் ஒரு பகுதியை அந்த மக்கள் செலுத்தியிருக்கிறார்கள். காரத்தோடு சேர்த்து வறுத்துப் பின் கழுவும் முறையும், மிகை வெப்பத்தில் மாசை ஆவியாக்கும் முறையும் மாற்றுகளாக உள்ளன. முதலாவது நீரையும் இரண்டாவது மின்சாரத்தையும் அதிகம் கேட்கும்.

செயற்கை கிராஃபைட் இருக்கும்போது இந்தப் பாடெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இன்று மின்கல ஆனோடுகளில் பெரும்பங்கு செயற்கை கிராஃபைட்டே. பெட்ரோலியக் கல்கரியையோ தார் வழிக் கல்கரியையோ 3000 டிகிரியை நெருங்கும் வெப்பத்தில் நாள்கணக்கில் வைத்து அடுக்கமைப்பை உண்டாக்குகிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எட்வர்ட் அச்செசன் வகுத்த உலையின் வழிவந்தவையே இன்றும் பல இடங்களில் எரிகின்றன. ஆனால் இத்தொழில் உள் மங்கோலியா போன்ற மலிவு மின்சாரப் பகுதிகளில் குவிந்ததும், அங்கே மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருவதும் தற்செயலல்ல. அமிலச் சுமைக்குப் பதில் கார்பன் சுமை வந்து சேர்கிறது. அங்கும் அரைப்பதும் தரம்பிரிப்பதும் பூசுவதும் தவிர்க்க முடியாதவை.

சுரங்கம் கையிலிருந்தாலே போதாது என்பதற்கு ஆஸ்திரேலியாவின் சிரா ரிசோர்சஸ் நிறுவனத்தின் அனுபவம் நல்ல சான்று. மொசாம்பிக்கின் பலாமாவில் உலகின் மிகப் பெரிய கிராஃபைட் சுரங்கங்களில் ஒன்று அதனிடம் இருக்கிறது. அந்தச் செதிலை ஆனோடுப் பொருளாக்க அமெரிக்காவின் லூசியானாவில் விடாலியா ஆலையை எழுப்பியது; டெஸ்லாவுடன் 2021 டிசம்பரில் ஒப்பந்தமும் செய்தது. ஆனால் டெஸ்லாவுக்கு அனுப்பிய மாதிரிகளின் தகுதி பற்றிய கருத்து வேறுபாடு 2025-இலும் தீரவில்லை. மின்கலம் செய்பவர் கேட்பது நல்ல கிராஃபைட் மட்டுமல்ல. மூட்டைக்கு மூட்டை மாறாத துகள். அந்த மாறாத்தன்மை பல ஆண்டுப் பழக்கத்தில்தான் கைவரும். சீனாவின் உண்மையான பிடியும் இதில்தான் இருக்கிறது. 2023 டிசம்பர் 1 முதல் அது ஏற்றுமதி உரிமத்துக்குள் கொண்டுவந்த பொருள்களில் கோள கிராஃபைட்டும் உண்டு.

தமிழ்நாட்டுக்கு இது நேரடியாகத் தொடர்புள்ள செய்தி. சிவகங்கையில் தமிழ்நாடு கனிம நிறுவனம் செதில் கிராஃபைட்டை வெட்டிச் செறிவூட்டுகிறது. தீச்செங்கல், மூசை போன்ற வழக்கமான பயன்பாடுகளுக்குக் கார்பன் விழுக்காடும் செதிலின் அளவும் தெரிந்தால் போதும். ஆனோடுக்கு அவை போதா. சிவகங்கைச் செதிலை உருட்டினால் எத்தனை பங்கு உருண்டையாகிறது, தட்டி நிரப்பும்போது அடர்த்தி என்ன, முதல் சுற்றில் எவ்வளவு லித்தியம் வீணாகிறது, அரவை எந்திரத்தின் தேய்மானத்தால் எவ்வளவு இரும்பு சேர்கிறது ஆகிய அளவீடுகள் பொதுவெளியில் வர வேண்டும். ஆலைக்கான இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்பே ஃபுளூரைடுக் கழிவை யார், எங்கே, எந்தச் செலவில் கையாளுவார் என்பதும் எழுத்தில் முடிவாக வேண்டும். சிவகங்கை கண்மாய்ப் பாசன மாவட்டம். கண்மாய் நீரில் ஃபுளூரைடு கலந்த பிறகு அந்தச் செலவை எந்தக் கணக்கிலும் ஏற்ற முடியாது.